பதினான்கு ஸ்லைடு, பதினான்கு வாய்

என் முதல் கருத்தரங்கில் பதினேழாவது ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டார்கள். மொத்தம் நாற்பத்தாறு ஸ்லைடு வைத்திருந்தேன்.

முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால், செய்த வேலையை ஐந்து பேர் கொண்ட குழுவிடம் இருபது நிமிடத்தில் சொல்லிக்காட்ட வேண்டும் என்பது விதி. கொல்கத்தாவின் தெற்கு ஓரத்துக் குளங்களில் இருக்கும் நத்தைகளைப் பற்றி நான் ஆறு வருடம் ஆய்வு செய்திருந்தேன். நத்தையைப் பற்றிப் பேச வந்தவள் நத்தை வேகத்திலேயே போனால் எப்படி என்று அன்று யாரும் கேட்கவில்லை. மனதுக்குள் ஐந்து பேரும் கேட்டிருப்பார்கள்.

அந்த நாற்பத்தாறையும் இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ஆய்வின் தலைப்பு மட்டும் மூன்று வரி. அடுத்தது பொருளடக்கம். அதற்கடுத்தது நத்தை என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை. அறையில் இருந்த ஐந்து பேரும் நத்தையைப் பார்த்தவர்கள், அவர்களில் இரண்டு பேராவது சாப்பிட்டவர்கள். ஒரு ஸ்லைடில் பதினொரு குளங்களின் தண்ணீர் விவரம், பெருங்காய டப்பா லேபிள் அளவு எழுத்தில். குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கழற்றியே வைத்துவிட்டார். நானோ திரையைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். முதுகை மட்டும் பார்த்து ஒருவருக்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தால் எனக்கு அன்றே கொடுத்திருப்பார்கள்.

மணி அடித்ததும் குழுத் தலைவர், வெள்ளை மீசை வைத்த பெரியவர், மிகவும் அன்பாக, "நிறைய உழைச்சிருக்கே. அடுத்த தடவை வரும்போது நத்தையையும் கொஞ்சம் காட்டு" என்று வங்காளத்தில் சொன்னார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பதினேழு ஸ்லைடு வரைக்கும் ஒரு நத்தைகூட வரவில்லை. முதல் நத்தை இருபத்தொன்றில் இருந்தது.

நான்கு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அதே மாதத்தோடு என் பதிவுக்காலம் முடிகிறது. ஒரு முறை பிள்ளைப்பேற்றுக்காகவும், இன்னொரு முறை பிள்ளைக்கு அம்மை போட்டதற்காகவும் ஏற்கெனவே நீட்டித்தாயிற்று. இனி நீட்டிக்க முடியாது. இரண்டாம் முறையும் தவறினால், புதிதாகப் பதிவு செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பதினொரு குளங்களில் மூன்றை இதற்குள் மூடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள் என்பது வேறு.

வீட்டுக்கு வந்து ஸ்லைடுகளைக் குறைக்க உட்கார்ந்தேன். மூன்று நாள் குறைத்தேன். நாற்பத்தொன்பது ஆகிவிட்டது.

என் குணம் அப்படி. நான்கு வயது மகளைப் பக்கத்துப் பூங்காவுக்கு அரை மணி நேரம் கூட்டிப்போவதென்றாலும் என் பையில் இரண்டு மாற்றுடை, காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், ஓமத் தண்ணீர், குடை, ஒரு ஸ்வெட்டர் இருக்கும். ஏப்ரல் மாதத்திலும் ஸ்வெட்டர் இருக்கும். தேவைப்பட்டுவிட்டால்? ஸ்லைடையும் அந்தப் பை மாதிரியேதான் கட்டியிருந்தேன். யாராவது கேட்டுவிட்டால்? கேட்கிற நேரத்தில் இல்லாமல் போய்விட்டால்?

என் நெறியாளர் மேடமிடம் தொலைபேசியில் புலம்பினேன். அவர் ஆறு வருடமாக என்னிடம் கேட்கும் ஒரே கேள்வியைத்தான் அன்றும் கேட்டார். "உன் தீசிஸ் என்ன சொல்லுது? ஒரே வரியில சொல்லு."

நான் நான்கு நிமிடம் சொன்னேன்.

"இது ஒரு வரியா? இதுல மூச்சு விடறதுக்கே ரெண்டு வரி போச்சே" என்றார்.

என் கணவருக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. வண்டிகளுக்கு அட்டவணை போடும் பிரிவு. வீட்டில் எது நடந்தாலும் அதை அவர் வண்டியாகத்தான் பார்ப்பார். மகள் பிறந்த அன்றைக்கு என் அம்மாவுக்குப் போன் செய்து, "நாப்பது நிமிஷம் லேட், மத்தபடி நார்மல்" என்று சொன்னவர். நான் மடிக்கணினி முன் உட்கார்ந்து கண்ணைக் கசக்குவதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தாளும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அழாத. டைம்டேபிள் போட்ருவோம். மொத்தம் எத்தன ஸ்டேஷன்?"

"நாப்பத்தொம்போது."

"எத்தன நிமிஷம்?"

"இருபது."

அவர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். "இது பிரசன்டேஷன் இல்லம்மா, பாசஞ்சர் வண்டி. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு பால் கேன் ஏத்தற வண்டி. உனக்கு வேண்டியது எக்ஸ்பிரஸ்."

"எதை எடுக்கறதுங்க? எல்லாம் முக்கியம்."

"இது என்ன?" என்று தண்ணீர் விவர ஸ்லைடைத் தொட்டார்.

"அதை எடுத்தா கேப்பாங்க."

"கேட்டா குடு. மெயின் லைன்ல ஏன் நிறுத்தி வெச்சிருக்க? இது சரக்கு வண்டி. லூப் லைன்ல போடு." லூப் லைன் என்றால் பிரதான பாதைக்குப் பக்கத்தில் மற்ற வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் தண்டவாளம். நன்றி சொல்லும் ஸ்லைடுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், கேட்டால் மட்டும் காட்டுவதற்கு வைத்துக்கொள் என்று அவர் சொன்னது எனக்குப் புரிய சற்று நேரம் ஆனது. புரிந்ததும் பெரிய நிம்மதி. பையைத் தூக்கி எறிய வேண்டாம், பூங்கா வாசலில் வைத்துவிட்டுப் போகலாம்.

ஆனால் எது எக்ஸ்பிரஸ், எது சரக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. நத்தைகளெல்லாம் அவர் கண்ணுக்கு ஒரே மாதிரி.

அதைச் சொன்னது எங்கள் மகள்தான். அவள் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்குச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வீட்டில் தினமும் இரண்டு முறை நடக்கும் போராட்டம். எடை சரியாகத்தான் இருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். நான் நம்புவதில்லை. ஏதாவது வேடிக்கை காட்டினால்தான் வாயைத் திறப்பாள். கார்ட்டூன் காட்டக் கூடாது என்று எங்கோ படித்ததிலிருந்து அதையும் நிறுத்திவிட்டேன். காக்கா காட்டலாம். ஆனால் எங்கள் வீடு இருக்கும் லேக் மார்க்கெட் பின்சந்தில் காக்காக்கள் மீன்கடைப் பக்கம் வேலையாக இருக்கும், நமக்காக வராது. அந்த வாரம் எனக்கு நேரமும் இல்லை. ஒரு மத்தியானம் பருப்பு சாதத்தைப் பிசைந்துகொண்டே மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஒத்திகையை ஆரம்பித்துவிட்டேன். ஆய்வைக் காட்டினால் அது கார்ட்டூனில் சேருமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். சேராது என்று முடிவு செய்தேன். இன்றுவரை அது சரியா என்று தெரியவில்லை.

தலைப்பு ஸ்லைடு. "ஆ காட்டு" என்றேன். வாய் திறக்கவில்லை.

பொருளடக்கம். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

நத்தையின் வரையறை. முகத்தையே திருப்பிக்கொண்டாள். "லேக்கா வேண்டாம், அம்மா. ஷாமுக் காட்டு." லேக்கா என்றால் வங்காளத்தில் எழுத்து, ஷாமுக் என்றால் நத்தை. அவளுடைய தமிழில் மூன்றில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்து வங்காளம்.

"இதுக்கு முன்னாடி யார் யார் ஆராய்ச்சி பண்ணாங்கன்னு பாரு கண்ணு, அப்புறம் ஷாமுக்."

"நா!" வங்காளத்தில் முடியாது என்று அர்த்தம்.

வேறு வழியில்லாமல் இருபத்தொன்றாவது ஸ்லைடுக்குத் தாவினேன். தாமரை இலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நத்தை, திரை முழுக்க. வாய் திறந்தது. முழுக் கவளமும் போனது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். வாய் திறக்காத ஸ்லைடு லூப் லைனுக்கு. மத்தியானம் ஒரு ஒத்திகை, சாயங்காலம் ஒரு ஒத்திகை. ஒரு குளத்தில் எத்தனை வகை என்று எட்டு நிறத்தில் நான் போட்டிருந்த பட்டை வரைபடத்தைப் பார்த்து, "ஐஸ்கிரீம் கடையா?" என்று கேட்டாள், ஆனால் வாய் திறக்கவில்லை. எந்தப் பட்டையைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துப் புரிந்தது. எல்லாப் பட்டையையும் சாம்பல் நிறமாக்கி, முக்கியமான ஒன்றை மட்டும் சிவப்பாக விட்டேன். சிவப்பைத் தொட்டுக் காட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டாள். வரைபடத்தில் மஞ்சள் விரல் பதிந்துவிட்டது.

இதில் எதிர்வீட்டு பௌதியும் சேர்ந்துகொண்டார். பௌதி என்றால் அண்ணி. எங்கள் சந்து குறுகல், அவர் சமையலறை ஜன்னலும் எங்கள் சாப்பாட்டு மேசையும் பேசிக்கொள்ளும் தூரம்தான். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் எழுத்து தெரிய வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்ததால், திரையை ஜன்னல் பக்கம் திருப்பி, "தெரியுதா பௌதி?" என்று கேட்டேன்.

"மேல ஒண்ணு தெரியுது. கீழ எறும்பு ஊருது" என்றார்.

எறும்பைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கியதில் பாதி வரிக்கு இடம் இல்லாமல் போனது. போகட்டும் என்று விட்டேன். அப்படிப் போன வரிகளில் ஒன்றைக்கூட இன்றுவரை யாரும் தேடவில்லை.

"அது என்ன, குக்லியா?" என்று அடுத்த ஸ்லைடுக்குக் கேட்டார். குளத்து நத்தையை வங்காளிகள் சமைப்பது உண்டு, அதற்குப் பெயர் குக்லி.

"ஆமா பௌதி."

"இதுக்கா ஆறு வருஷம்? என் மாமியார் கடுகு அரைச்சு விட்டு அரை மணியில இறக்கிருவாங்களே!"

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், கடைசிக்கு முந்தைய ஸ்லைடில் மகள் நிறுத்தினாள். ஒரே குளத்தின் இரண்டு படங்கள், இரண்டு வருட இடைவெளியில் எடுத்தவை. வாயில் சாதத்தோடு படத்தை உற்றுப் பார்த்தாள்.

"குட்டி ஷாமுக் எங்க?"

"அது போயிடுச்சு."

"ஏன்?"

"தண்ணி அழுக்காச்சில்ல. அதான் அது மொதல்ல போயிடுச்சு. முழுங்கு."

"பெருசு?"

"பெருசு இருக்கு. இன்னும் அழுக்கானா அதுவும் போயிடும். முழுங்கு கண்ணு."

"அப்போ குட்டி போனதுமே தொடைக்கலாம்ல?"

சொல்லிவிட்டு முழுங்கினாள். எனக்குத்தான் முழுங்க முடியவில்லை. குட்டி நத்தை காணாமல் போனால் குளத்துக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம், உடனே கவனித்தால் குளத்தைக் காப்பாற்றலாம். என் ஆய்வேட்டின் இருநூறு சொச்சம் பக்கமும் அதைத்தான் சொல்கிறது. கையைக்கூடக் கழுவாமல் மேடமுக்குப் போன் செய்து அந்த ஒரு வரியைச் சொன்னேன்.

அவர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "யார் சொல்லிக்குடுத்தா?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வீட்ல பேசிட்டிருந்தோம் மேடம்" என்றேன்.

கடைசியில் பதினான்கு ஸ்லைடு நின்றது. மகளின் ஒரு வேளைச் சாப்பாடும் சரியாகப் பதினான்கு வாய். கணவர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். பதினொரு மணிக்குப் புறப்பாடு, பதினொன்று பதினெட்டுக்கு வந்து சேரணும், இரண்டு நிமிடம் ரெகவரி. வழியில் தாமதமானால் ஈடுகட்ட எல்லா வண்டிக்கும் அப்படிக் கொஞ்சம் கொடுத்து வைப்பார்களாம். கருத்தரங்கு அன்று காலையில் மகளை பௌதியிடம் விட்டுவிட்டுப் படியிறங்கும்போது, எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து கணவர் சமையலறைத் துண்டைப் பச்சைக்கொடி மாதிரி ஆட்டினார். அது மஞ்சள் துண்டு. மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை என்று அர்த்தமாச்சே என்று ஆட்டோவில் போகும் வழியெல்லாம் கவலைப்பட்டேன்.

அதே அறை, அதே ஐந்து பேர். குழுத் தலைவர் நடுவில். போன தடவை கண்ணாடியைக் கழற்றியவர் இந்தத் தடவை ஆரம்பத்திலேயே கழற்றி வைத்திருந்தார்.

முதல் ஸ்லைடு, தாமரை இலை நத்தை. திரும்பிப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துப் பேசினேன். இரண்டாவதும் சரியாகப் போனது. கண்ணாடிக்காரர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குக் குஷி பிறந்துவிட்டது. அந்தக் குஷியில்தான் அது நடந்தது.

மூன்று வாரமாக, தினம் இரண்டு முறை, ஒவ்வொரு ஸ்லைடு மாறும்போதும் என் வலது கை ஒரு கவளத்தைத் தூக்கியிருக்கிறது. அன்று அந்தக் கையில் ஸ்லைடு மாற்றும் ரிமோட் இருந்தது. மூன்றாவது ஸ்லைடு வரும்போது கை தானாக மேலே போனது. ஐந்து விரலையும் குவித்து, குழுத் தலைவரின் முகத்துக்கு நேராக நீட்டி, தெளிவான தமிழில், "ஆ காட்டு" என்றேன்.

குழுத் தலைவர் வாயைத் திறந்தார்.

பெரிதாகவே திறந்தார். எனக்குக் கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. அவருக்கு இடப்பக்கம் இருந்தவரும் பாதி திறந்தார். நான் பட்டனை அழுத்தினேன், ஸ்லைடு வந்தது, தலைவர் வாயை மூடினார். ஒன்றும் நடக்காத மாதிரி எல்லோரும் திரையைப் பார்த்தோம்.

நிறுத்தி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமோ? இப்போதும் யோசிக்கிறேன். ஆனால் அட்டவணையில் அதற்கு நிறுத்தம் இல்லை.

நாக்கைக் கடித்துக்கொண்டு ஆறு வரை போனேன். ஏழில் மறுபடி வந்துவிட்டது. இந்தத் தடவை தலைவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பதினொன்றில், "இது காக்காவுக்கு" என்று ஆரம்பித்ததை இருமலாக மாற்றினேன். பதிமூன்றாவது ஸ்லைடில் இரண்டு குளப் படங்களையும் காட்டி, குட்டி நத்தையைச் சொன்னேன். ஒரே வரியில். மேடம் பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி ஸ்லைடு வரும்போது, "கடைசி வாய்" என்று என் காதிலேயே விழுந்தது. கடிகாரத்தில் பதினொன்று பத்தொன்பது. ரெகவரியில் ஒரு நிமிடம் மிச்சம்.

கண்ணாடிக்காரர்தான் முதலில் கேட்டார். "தண்ணீர் பற்றிய விவரம் எங்கே?"

போன தடவை அதைப் பார்க்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றிய அதே மனிதர்! லூப் லைனிலிருந்து அந்த ஸ்லைடைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவருக்கு வேண்டிய ஒரு குளத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினார். இன்னும் மூன்று கேள்விகள், மூன்றுக்கும் பதில் இருந்தது.

பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார். "நடுவில் நடுவில் தமிழில் ஏதோ சொன்னாயே. அது என்ன?"

'தயவுசெய்து கவனிக்கவும்' என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மேடமின் முகத்தைப் பார்த்தேன். பட்டம் கொடுக்கும் குழுவிடம் பொய் சொன்னால் அது ஆய்வேட்டிலேயே ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருந்தது. "மன்னித்துக்கொள்ளுங்கள் ஸார். மகளுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். வாயைத் திற என்று அர்த்தம்" என்றேன்.

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு நான்கு பேர் தலைவரைப் பார்த்தார்கள்.

"மூன்று வாரமாகப் பல் வைத்தியரிடம் போய்க்கொண்டிருக்கிறேன்" என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டே. "இப்போதெல்லாம் யார் 'ஆ' என்றாலும் என் வாய் தானாகத் திறந்துவிடுகிறது. நானும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

"எனக்குப் பல்லில் ஒன்றும் இல்லை. எனக்குப் பசி" என்றார் இடப்பக்கத்துக்காரர்.

என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் ஷிங்காராவும், அதாவது வங்காளத்துச் சமோசாவும், தேநீரும் தட்டில் வந்திருந்தன. ஷிங்காரா ஒன்றை எடுத்தேன், வாய்க்குக் கொண்டுபோனேன், வாய் திறக்கவில்லை. கதவுக்கு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நத்தையைப் பற்றிய சிரிப்பா, என்னைப் பற்றியதா, பல் வைத்தியரைப் பற்றியதா? திரும்பக் கூப்பிட்டபோது கையில் அந்த ஷிங்காராவோடு உள்ளே போய்விட்டேன்.

"ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம்" என்றார் தலைவர். "ஒரே ஒரு யோசனை. அந்த ஒரு வரியை முதல் பக்கத்திலேயே போடு. அதை எழுத உனக்கு ஆறு வருடம் ஆனது தெரிகிறது."

அதைச் சொன்னவளுக்கு நான்கு வயது என்று சொல்லியிருந்தால் யோசனையை மாற்றியிருப்பாரோ என்னவோ.

வீட்டுக்கு ஓடினேன். பௌதி வீட்டில் மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டாளா பௌதி? எதைக் காட்டிக் குடுத்தீங்க?"

"எதைக் காட்டணும்? லுச்சியைக் காட்டினேன். நாலு தின்னா" என்றார் அவர், பூரிக்கட்டையைத் துடைத்தபடி. லுச்சி என்றால் வங்காளத்து மைதா பூரி.

நான்கு! என் பருப்பு சாதத்தில்தான் குறை என்று மூன்று வாரம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இந்தப் பட்டம் போயிருக்கும் என்று நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் வழக்கம்போலத் தட்டோடு உட்கார்ந்தேன். தாமரை இலை நத்தையைத் திறந்து, "ஆ காட்டு" என்றேன். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"இது பழசு. வேற காட்டு."

லூப் லைனில் இருந்த முப்பத்தைந்தையும் வரிசையாகக் காட்டினேன். ஒன்றுக்கும் திறக்கவில்லை. இடது கையால் புது ஸ்லைடு ஒன்றைத் திறந்து, பாசிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நத்தைப் படத்தைத் தேடிப் போட்டேன். தலைப்பு போடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். வாய் திறந்தது, முதல் கவளம் போனது.

அலுவலகத்திலிருந்து வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "வண்டிதான் வந்து சேர்ந்துருச்சே. இன்னும் எதுக்கு ஸ்லைடு?"

"சாதம் ஆறுது, பேசாதீங்க" என்றேன். "இன்னும் பதிமூணு வாய் இருக்கு."